முதுகில் பல்கலைக்கழகம், பையில் ஃபார்ம்-3

கல்லூரிக் கால்பந்தில் சீனியர் திரும்பி வந்தால் அணிக்குப் பலம். வரிசையில் நிற்கும் புதுப் பையனுக்கு?

செலக்‌ஷன் நாளில் மைதானத்தைப் பார்த்தாலே யார் யாரென்று தெரிந்துவிடும். வேப்பமரத்தடியில் நாலைந்து பேர் அவசரமே இல்லாமல் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருப்பார்கள். வெயில் மண்டையைப் பிளந்தாலும் டிராக் சூட் மேல்சட்டையைக் கழற்ற மாட்டார்கள். முதுகில் பல்கலைக்கழகத்தின் பெயர் பெரிதாக அச்சாகியிருக்கும். இரண்டு வருஷம் துவைத்ததில் ஓரெழுத்து உரிந்திருக்கும். அதைப் பற்றிக் கவலையில்லை, உரிந்தால்தான் பழைய ஆள் என்று மதிப்பு.

கொஞ்சம் தள்ளி முதல் வருஷப் பையன்கள். ஒருவன் மெஸ்ஸி பெயர் போட்ட பனியன், இன்னொருவன் ஊர்ப் பொங்கல் டோர்னமென்ட்டில் கொடுத்த ஜெர்சி. இரவல் பூட்ஸ் பெரிதாக இருப்பதால் சாக்ஸை இரண்டு அடுக்காகப் போட்டிருப்பவன் ஒருவன் நிச்சயம் இருப்பான். பி.டி. சார் கையில் பரீட்சை அட்டை, கிளிப்பில் ஒரு தாள். அதில் இருபது பெயருக்குத்தான் இடம். சார் பேனாவைத் திறப்பதற்கு முன்பே அதில் ஏழெட்டு இடம் மனசுக்குள் நிரம்பிவிட்டது என்பது மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும்.

கடலூர் பெரியார் கல்லூரி, விருத்தாசலம் கொளஞ்சியப்பர் கல்லூரி, நெய்வேலி ஜவஹர் அறிவியல் கல்லூரி என்று கடலூர் மாவட்டத்தின் பல கல்லூரிகளில் படிக்கும் பையன்களின் கண் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக அணியின் மேல் இருக்கிறது. வளையமாதேவி போன்ற கிராமத்திலிருந்து சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாக பஸ் பிடித்துப் போகும் தூரம்தான். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, அதிலிருந்து பொறுக்கியெடுத்த உத்தேசப் பட்டியல், கேம்ப், இறுதிப் பட்டியல், பிறகு சவுத் சோன் எனும் தென்மண்டலப் போட்டி என்று படிப்படியாகப் போகும் பாதை அது. அந்தப் பாதையில் போட்டியைவிடப் பெரிய விவாதம் ஒன்று உண்டு. போன வருஷம் ஆடியவர்களில் இந்த வருஷம் யார் யார் திரும்பி வருகிறார்கள்?

லெட்டர் வாங்கும் நாடு

இந்தக் கேள்வி அமெரிக்காவில் பெரிய தொழில். அங்கே ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். பருவம் தொடங்குமுன் ஒவ்வொரு கல்லூரி அணியிலும் திரும்பி வருபவர் எத்தனை பேர், அவர்களில் ‘லெட்டர்’ வாங்கியவர் எத்தனை பேர் என்று பத்திரிகைகள் எண்ணிப் போடும். லெட்டர் என்பது கல்லூரிப் பெயரின் முதலெழுத்து. 1865-இல் ஹார்வர்டு பேஸ்பால் அணி சட்டையில் ‘எச்’ தைத்துக்கொண்டதிலிருந்து அந்த வழக்கம் வருகிறது. பருவத்தில் போதுமான அளவு களத்தில் இறங்கி ஆடியவருக்குத்தான் அந்த எழுத்து. பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் நீட்டியவருக்குப் பெரும்பாலும் கிடையாது. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ‘ப்ளூ’ வாங்குவதும் இதே மாதிரிதான்.

அங்கேயும் இப்போது கௌரவம் மட்டும் பேசப்படுவதில்லை. 2018-இல் வேறு கல்லூரிக்கு மாறுவதை எளிதாக்கும் பதிவேடு வந்தது. 2021-இல் மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு விற்கலாம் என்றானது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஓர் ஒப்பந்தத்தின் வழியாக, ஜூலையிலிருந்து கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கத் தொடங்கின. முதல் வருஷத்துக்கு ஒரு கல்லூரிக்கான உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். சீனியர் திரும்பி வருகிறாரா என்பது இனி சம்பளப் பேச்சு.

நம்மூரில் அந்தப் பணம் இல்லை. ஆனால் நம்மூர் லெட்டருக்கும் பண மதிப்பு உண்டு. அது சட்டையில் தைக்கப்படுவதில்லை, ஃபைலில் வைக்கப்படுகிறது.

■ பெட்டிச் செய்தி: ஐந்து படிவங்கள்

மத்திய அரசின் ஸ்போர்ட்ஸ் கோட்டா நடைமுறை 1980 ஆகஸ்ட் 4 தேதியிட்ட ஆணையில் தொடங்கி, 2013-இல் தொகுக்கப்பட்டது. அதில் வரும் சான்றிதழ்கள்:

ஃபார்ம்-1: நாட்டுக்காக ஆடியவர்களுக்கு. தேசியச் சம்மேளனம் தர வேண்டும்.
ஃபார்ம்-2: மாநிலத்துக்காக தேசியப் போட்டியில் ஆடியவர்களுக்கு. மாநிலச் சங்கம் தர வேண்டும்.
ஃபார்ம்-3: பல்கலைக்கழகத்துக்காக இன்டர்-யுனிவர்சிட்டி போட்டியில் ஆடியவர்களுக்கு. பல்கலைக்கழக விளையாட்டுப் பொறுப்பாளர் தாமே கையெழுத்துப் போட்டால்தான் செல்லும்.
ஃபார்ம்-4: தேசியப் பள்ளி விளையாட்டுகளுக்கு.
ஃபார்ம்-5: தேசிய உடல்திறன் விருதுக்கு.

தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு. காவல்துறையில் இரண்டாம் நிலைக் காவலர், உதவி ஆய்வாளர் தேர்வுகளில் 10 விழுக்காடு. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள்.

ஒரு தாளில் என்ன இருக்கிறது?

ஃபார்ம்-3 ஒரு பக்கத் தாள். இன்னார் மகன் இன்னார், இந்தக் கல்லூரி மாணவர், இந்த ஆட்டத்தில், இந்த ஊரில், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை நடந்த போட்டியில் பல்கலைக்கழகத்தின் சார்பில் கலந்துகொண்டார். அணி பெற்ற இடம் இது. கையெழுத்து, பெயர், பதவி, முத்திரை. அவ்வளவுதான்.

அதில் இல்லாதது என்ன என்று பாருங்கள். எத்தனை ஆட்டம் ஆடினார் என்ற கேள்வி இல்லை. எத்தனை நிமிஷம் என்ற கேள்வியும் இல்லை. தொண்ணூறு நிமிஷமும் ஸ்டாப்பராக நின்று தலையில் தையல் போட்டுக்கொண்டு வந்தவனுக்கும், போட்டி முழுக்க சப் பெஞ்சில் உட்கார்ந்து வந்தவனுக்கும் ஒரே வாசகம். அமெரிக்க லெட்டர் ஆடிய நேரத்தைப் பார்க்கிறது. நம் ஃபார்ம் பட்டியலில் பெயர் இருந்ததா என்று மட்டும் பார்க்கிறது. ஆகவே போட்டி மைதானத்தில் நடப்பதற்கு முன்பே, பி.டி. சார் அட்டையில் நடந்து முடிந்துவிடுகிறது.

இன்னொரு விஷயம், அணி பெற்ற இடம் என்ற அந்த ஒரு வரி. வேலைக்கு எடுக்கும்போது முன்னுரிமை வரிசை உண்டு. நாட்டுக்காக ஆடியவர் முதலில். அடுத்து தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடி முதல் மூன்று இடங்களுக்குள் வந்தவர். அதற்கடுத்து இன்டர்-யுனிவர்சிட்டியில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தவர். வெறுமனே கலந்துகொண்டவர், பள்ளிப் போட்டிப் பதக்கக்காரர்களுக்கும் பின்னால்தான் வருவார். பதக்கம் இருக்கும் ஃபார்ம்-3 வேறு, இல்லாத ஃபார்ம்-3 வேறு. தாள் ஒன்றுதான், மதிப்பு ஒன்றல்ல.

சீனியர் திரும்பினால்

இங்கேதான் சிக்கல் முற்றுகிறது. அணியில் சீனியர்கள் இருந்தால் பதக்கத்துக்கு வாய்ப்பு. பதக்கம் வந்தால் பெஞ்சில் இருந்த முதல் வருஷப் பையனின் தாளுக்கும் மதிப்பு கூடும். ஆக, சீனியர் வருவது புதுப் பையனுக்கு நல்லது, பட்டியலில் இடம் கிடைத்தால். கிடைக்காவிட்டால் அந்த சீனியர்தான் அவன் இடத்தைப் பிடித்தவர். ஏற்கெனவே இரண்டு ஃபார்ம் கையில் வைத்திருப்பவர் மூன்றாவதுக்கு ஏன் வர வேண்டும் என்று புதுப் பையனின் அப்பா கேட்பதில் நியாயம் இருக்கிறது. மூன்றாவதில்தான் பதக்கம் வரும் என்று சீனியர் நம்புவதிலும் நியாயம் இருக்கிறது.

சீனியர் திரும்பி வரும் வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். பி.ஏ. முடிந்ததும் எம்.ஏ. சேருவார். எந்தப் பாடம் என்பது இரண்டாம் பட்சம், எந்தத் துறையில் இடம் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. பி.பி.எட். சேருவார் சிலர். இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு வயதுவரம்பாக 25 வைத்திருக்கிறது. அதுவரை ஆடிக்கொண்டே இருக்கலாம். இருபத்துநாலு வயது ஆளுக்கு எதிரே பதினெட்டு வயதுப் பையன் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு நின்றால் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தோளால் ஒரு இடி போதும்.

பயிற்சியாளர்களைத் திட்டுவது சுலபம். சாதி பார்க்கிறார், சொந்தக் கல்லூரிப் பையனைப் பார்க்கிறார் என்ற புகார்கள் எல்லா செலக்‌ஷனிலும் உண்டு, சில இடங்களில் உண்மையும் உண்டு. ஆனால் நேர்மையான பயிற்சியாளரும் பழைய ஆளைத்தான் எடுப்பார். காரணம் போட்டியின் அமைப்பு. நாடு முழுவதும் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நான்கு சோன். சவுத் சோனில் முதலில் நாக்-அவுட். தோற்றால் அன்றைக்கே பை கட்ட வேண்டும். நாக்-அவுட்டைத் தாண்டுகிற நான்கு அணிகள்தான் லீக் ஆடும், அகில இந்தியப் போட்டிக்குப் போகும். ஒரு வருஷத்துக்கான கேம்ப், பயணம், பணம் எல்லாம் ஒரே காலை ஆட்டத்தில் காலியாகலாம். அந்த ஆட்டத்தில் புதுப் பையனை இறக்கிப் பார்க்க எந்தப் பயிற்சியாளருக்கு மனசு வரும்?

அமெரிக்கக் கல்லூரி அணிக்கு ஒரு பருவத்தில் 12 ஆட்டங்கள் நிச்சயம். தோற்றாலும் அடுத்த சனிக்கிழமை ஆட்டம் உண்டு. அதனால்தான் புதியவருக்கு நாலு ஆட்டம் வரை வாய்ப்புக் கொடுத்துவிட்டு, அந்த வருஷத்தை அவர் தகுதிக் கணக்கில் சேர்க்காமல் விடும் விதியை 2018-இல் அவர்களால் கொண்டுவர முடிந்தது. நம்மிடம் நாலு ஆட்டம் என்பதே பல அணிகளுக்கு முழு வருஷம். சீனியருக்கும் ஜூனியருக்கும் இருக்கும் பகை ஆட்டங்கள் குறைவாக இருப்பதால் வந்தது. மாவட்டத்துக்குள்ளேயே கல்லூரி லீக் ஒன்று மூன்று மாதம் நடந்தால் பாதி சண்டை தீர்ந்துவிடும். மைதானமும் பந்தும் நடுவர் படியும் போதும், அதற்குக் கோடிகள் வேண்டாம்.

கொரோனா வருஷம் இன்னும் ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. 2020-இல் ஆட்டங்கள் முடங்கியபோது அமெரிக்காவில் எல்லா மாணவ வீரர்களுக்கும் ஒரு வருஷம் கூடுதலாகக் கொடுத்தார்கள். அந்த வருஷம் கணக்கில் வராது, திரும்பி வந்து ஆடலாம். நம்மூரில் 2020-21-இல் இன்டர்-யுனிவர்சிட்டி பருவமே கலைந்தது. அப்போது கடைசி வருஷத்தில் இருந்தவர்களில் மேற்படிப்புக்குக் கட்டணம் கட்ட முடிந்தவர் எம்.ஏ. சேர்ந்து மறுபடி வந்தார். முடியாதவர் ஃபார்ம் இல்லாமலே வெளியே போனார். திரும்பி வருவதும்கூட வசதி இருப்பவர் செய்கிற காரியம் என்பது அப்போது தெரிந்தது.

வளையமாதேவியில் அதன் விலை

இந்தத் தாளுக்கு ஏன் இத்தனை அடிதடி என்று சென்னையில் உட்கார்ந்து கேட்டால் புரியாது. சேத்தியாத்தோப்பு பக்கம் வந்து பார்க்க வேண்டும்.

■ பெட்டிச் செய்தி: 2023 ஜூலை 26

நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய் வெட்ட, புவனகிரி வட்டம் வளையமாதேவியில் கதிர் வரும் பருவத்தில் இருந்த நெல்வயலில் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. சுமார் 12 கிலோமீட்டர் கால்வாயில் மிச்சமிருந்தது ஒன்றரை கிலோமீட்டர். இரண்டு நாள் கழித்து நெய்வேலியில் பா.ம.க. நடத்திய முற்றுகை வன்முறையில் முடிந்தது. பயிர் அழிந்ததைக் கண்டு சென்னை உயர் நீதிமன்றம் வேதனை தெரிவித்தது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொல்லி ஆகஸ்டில் உத்தரவிட்டது.

நிலம் போன குடும்பத்தில் அடுத்த கேள்வி வேலை. நிலம் கொடுத்தவர் வீட்டுக்கு நிரந்தர வேலை என்ற கோரிக்கை இந்த வட்டாரத்தில் தலைமுறை தாண்டிய கோரிக்கை. 1956-இல் நிறுவனம் தொடங்கிய காலத்தில் உள்ளே போனவர்களின் பேரன்கள் இன்று ஒப்பந்தத் தொழிலாளியாக கேட்டுக்கு வெளியே டோக்கனோடு நிற்கிறார்கள். விவசாயம் பார்க்க நிலம் இல்லை, சுரங்கத்தில் நிரந்தர இடம் இல்லை என்ற வீட்டில் பந்து உதைக்கும் பையன் ஒருவன் இருந்தால், அவன் கையில் வரப்போகும் ஃபார்ம்-3 அந்த வீட்டுக்குப் புதுப் பட்டா மாதிரி. போலீஸ் செலக்‌ஷனுக்கு அந்தப் பத்து விழுக்காட்டில் விண்ணப்பிக்கலாம். ரயில்வே, வருமான வரி, சுங்கம் என்று எங்கே அறிவிப்பு வந்தாலும் எட்டிப் பார்க்கலாம்.

மைதானமும் நிலத்தோடு சேர்ந்தே போகிறது. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கால்பந்துக்கென்று தனித் திடல் கிடையாது. அறுவடை முடிந்து காய்ந்த வயல்தான் மைதானம். நெல்தாள் குத்தும், வெறுங்காலில் ஆடிப் பழகியவனுக்கு அது பொருட்டல்ல. வரப்புதான் எல்லைக்கோடு, இரண்டு செருப்புதான் கோல் போஸ்ட். கால்வாயும் மண்மேடும் வந்த இடத்தில் அந்த ஆட்டமும் இல்லை. நெய்வேலி டவுன்ஷிப்பில் பாரதி விளையாட்டரங்கம் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. ஆனால் கிராமத்துப் பையனுக்கு அது சாயங்காலம் போய்விட்டு வரும் தூரத்தில் இல்லை.

ஒரு காலத்தில் இந்தக் கதையின் அடுத்த அத்தியாயம் சென்னையில் இருந்தது. சென்னை லீகில் ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, இந்தியன் வங்கி, வருமான வரி, ஏ.ஜி. அலுவலக அணி என்று வேலையும் கொடுத்து ஆடவும் விட்ட அலுவலகங்கள் வரிசையாக இருந்தன. இந்தியன் வங்கி அணி தேசிய கால்பந்து லீகிலேயே ஆடியது. யுனிவர்சிட்டி பிளேயர் என்றால் முதலில் அவர்கள்தான் கூப்பிடுவார்கள். ஆள் எடுப்பு வற்றியதும் அந்தக் கூப்பாடும் வற்றியது. தொழில்முறைக் கிளப் இருக்கிறதே என்றால், 2018-19-இல் ஐ-லீக் பட்டம் வென்ற சென்னை சிட்டி கிளப் சில வருஷத்தில் காணாமல் போனது. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். போட்டியே நிறுத்திவைக்கப்படுகிறது என்று அறிவித்து, பெரிய கிளப் வீரர்களைக்கூட மாதக்கணக்கில் நடுத்தெருவில் நிறுத்தினார்கள். கிளப்பை நம்ப முடியாத ஊரில் காகிதத்தை நம்புவது முட்டாள்தனமல்ல.

கடலூர்ப் பெண்கள் காட்டிய பாதை

ஃபார்ம் வேலையாக மாறும் என்பதற்கு இந்த மாவட்டத்தில் கண் முன்னால் இருக்கும் உதாரணங்கள் பெண்கள்தான். கடலூர் இந்திரா காந்தி விளையாட்டு அகாடமியில் பயிற்சியாளர் மாரியப்பன் உருவாக்கிய பெண்கள் கால்பந்து அணி, தமிழ்நாட்டு அணிக்கே முதுகெலும்பாக இருந்தது. 2004 சுனாமி புரட்டிப்போட்ட கடற்கரை மாவட்டம் இது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரை வீழ்த்தித் தமிழ்நாடு முதன்முறையாகத் தேசியப் பெண்கள் பட்டத்தை வென்றது. 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்று வென்று இரண்டாவது பட்டம். இடையில் 2019-இல் மதுரை சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தையும் எடுத்தது.

கடலூர் இந்துமதி கதிரேசன் அந்தப் பாதையின் அடையாளம். இந்திய அணியின் நடுக்கள வீராங்கனை, 2019-இல் தெற்காசியப் பட்டம் வென்ற அணியில் ஆடியவர். தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020 ஊரடங்கில் சென்னை அண்ணா நகரில் சாலையில் நின்று பணி பார்த்தார். வேலைக்குப் போனதும் ஆட்டம் முடிந்தது என்றாகவில்லை, சீருடையோடு சேர்த்துப் பூட்ஸையும் வைத்துக்கொண்டார். ஆண்கள் அணியில் திரும்பி வருவதென்றால் எம்.ஏ. சேருவது. பெண்கள் அணியில் அது கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டு வருவது. வீட்டில் அனுமதி வாங்கும் அந்த ஆட்டத்துக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

ஓ.டி., அரியர், முட்டி

பட்டியலில் பெயர் வந்துவிட்டால் கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்துவிட வேண்டாம். இன்டர்-யுனிவர்சிட்டி பருவமும் செமஸ்டர் பரீட்சையும் பெரும்பாலும் ஒரே மாதங்களில் மோதும். ஓ.டி. (ஆன் டியூட்டி) என்று வருகைப் பதிவில் போட்டுக்கொள்ளலாம், ஆனால் இன்டர்னல் மதிப்பெண் தானாக வராது. லேப் வகுப்பு திரும்ப நடக்காது. கேம்ப், சவுத் சோன் என்று ஒரு மாதம் போனவன் இரண்டு பேப்பர் அரியரோடு திரும்புவது சாதாரணம். காவலர் வேலைக்குப் பத்தாவது போதும், உதவி ஆய்வாளருக்கோ பட்டம் வேண்டும். ஃபார்ம் இருந்தும் அரியர் முடியாததால் விண்ணப்பிக்க முடியாமல் நின்றவர்களை எந்தக் கல்லூரி பி.டி. சாரும் விரல்விட்டு எண்ணிக் காட்டுவார்.

முட்டி இன்னொரு பிரச்சினை. களிமண் தரையில், தேய்ந்த ஸ்டட்டோடு திரும்பும்போது முட்டிக்குள் தசைநார் கிழிவது கால்பந்தில் அடிக்கடி நடப்பது. அறுவை சிகிச்சை, பிறகு குணமாக எட்டு ஒன்பது மாதம். கல்லூரி அணிக்கு ஆடிக் காயம்பட்டவனுக்குச் செலவை யார் ஏற்பது என்பதற்குப் பெரும்பாலான இடங்களில் தெளிவான பதில் இல்லை. போலீஸ் வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போனாலும் ஓட்டம், தாண்டுதல் எல்லாம் உண்டு. ஃபார்ம் வாங்கிக்கொடுத்த முட்டியே அந்த ஃபார்மைப் பயன்படுத்த விடாமல் செய்துவிடும்.

போலிச் சான்றிதழ் தொல்லை வேறு. சங்கங்கள் இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு போட்டி நடத்திச் சான்றிதழ் கொடுக்கும் ஆட்டங்களில், எது செல்லும் எது செல்லாது என்பது வேலைக்கு ஆள் எடுக்கும்போதுதான் தெரியவரும். அந்த விதத்தில் பல்கலைக்கழகத் தாள் நம்பகமானது. அதனால்தான் அதற்கு இத்தனை போட்டி. 2024 மார்ச்சில் கேலோ இந்தியா போட்டிகளில் பதக்கம் வென்றவர்களும் மத்திய அரசு வேலைக்குத் தகுதி உடையவர்கள் என்று அறிவித்தார்கள். கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளும் அதில் அடக்கம். நல்ல செய்திதான். ஆனால் அந்தக் கதவும் வலுவான அணிகளுக்கே திறக்கும், வலுவான அணி என்றால் மறுபடியும் சீனியர்கள்.

ஃபார்ம்-3-இல் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் சேர்ப்பது பெரிய காரியமல்ல. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவர் கையெழுத்திட்ட டீம் ஷீட் ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கட்டம் வந்தால், மூன்றாவது ஃபார்முக்காகப் பெஞ்சில் இடம் பிடிக்கும் சீனியர் யோசிப்பார். பெயர் மட்டும் போட்டு அழைத்துப் போகும் சிபாரிசுப் பையனும் யோசிப்பான். கால்பந்து சங்கங்களோ பல்கலைக்கழகங்களோ இதைக் கேட்டு நாம் பார்த்ததில்லை.

அதுவரை ஆடுகிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. போட்டி முடிந்து வந்த மாதத்திலேயே ஃபார்மை வாங்கிவிட வேண்டும். வேலை அறிவிப்பு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று வருஷம் விட்டால், கையெழுத்துப் போட வேண்டிய இயக்குநர் ஓய்வு பெற்றிருப்பார், புதியவர் பழைய பதிவேட்டைத் தேடச் சொல்வார், பதிவேடு எந்த பீரோவில் என்று ஊழியருக்குத் தெரியாது. டீம் ஷீட் நகல் ஒன்று, போட்டி அட்டவணை ஒன்று, ஆதாரில் உள்ளபடியே எழுதிய பெயர். இன்ஷியல் முன்னால் ஒரு தாளில், பின்னால் ஒரு தாளில் இருந்தால் சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் அதுவே பெரிய வழக்காகும்.